ஒரு கை பிடி

மேலநீலிதநல்லூரில் படகு கிடையாது. மானாவாரிக் காடு, காற்றாலை, உடைமரம், இவ்வளவுதான். குளத்தில் தண்ணீர் கிடந்தால் அது நல்ல வருஷம். இந்த ஊர்க்காரனுக்குப் படகுத்துறை மரியாதையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். பேச்சை ஆரம்பித்தவன் என் அக்கா மகன்.

அவன் மிச்சிகனில் இருக்கிறான். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பழைய மீன்பிடி படகு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். வாரக் கடைசியில் அதை டிரெய்லரில் ஏற்றி, வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போவார்கள். கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் சிமெண்டுச் சரிவு ஒன்று அங்கே இருக்கிறது. எல்லோருக்கும் பொது. டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டி அதில் இறக்கினால் படகு மிதந்துவிடும்.

"மொத நாளு நான் செஞ்ச கூத்தக் கேளுங்க மாமா" என்றான் போனில். "சரிவுல வண்டிய நிறுத்திட்டுத்தான் வார அவுக்கேன், தூண்டில எடுத்து வைக்கேன், லைஃப் ஜாக்கெட்டத் தேடுதேன். பின்னால ஆறு வண்டி நிக்கி. ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லல. ஆனா ஒரு பார்வ பாத்தான் பாருங்க, அதுக்குப் பேசாம நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்."

அந்தத் துறையில் பலகையில் எழுதி வைத்திருக்கும் ஒழுங்கு எளியது. கட்டவிழ்ப்பது, சாமான் ஏற்றுவது, படகின் வடிகால் ஓட்டைக்கு அடைப்பான் போடுவது எல்லாவற்றையும் வண்டி நிறுத்துகிற இடத்திலேயே முடித்துவிட வேண்டும். சரிவுக்கு வந்துவிட்டால் இறக்கு, நகரு. இருட்டில் முன்விளக்கை அணைத்துவிடு. பின்னோக்கி வருகிறவனுக்குக் கண் கூசும். திரும்பி வந்ததும் படகைக் கழுவி, தேங்கிய தண்ணீரை வடித்து, காயவை. கடைசி விதிக்குக் காரணம் ஒரு சிப்பி. வரிக்குதிரை போல உடம்பெல்லாம் கோடு போட்ட, விரல்நகம் அளவுச் சிப்பி. 1988-ல் மிச்சிகன் ஓரத்து செயின்ட் கிளேர் ஏரியில் அதைக் கண்டார்கள். கடல் கடந்து வந்த அது, பிறகு படகுகளில் ஒட்டிக்கொண்டு ஏரி விட்டு ஏரி போய்த் தண்ணீர்க் குழாய்களை அடைத்தது. அடுத்த ஏரிக்காரன் யாரென்றே தெரியாமல் அவனுக்காகப் படகைக் கழுவுகிறார்கள். குடிதண்ணீர் ஊருணியில் காலை நனைக்காதே என்று நம் பக்கம் பிள்ளைகளை அதட்டுவதும் இதற்குத்தான்.

எனக்கு உடனே திருநெல்வேலி சுலோசன முதலியார் பாலம் ஞாபகம் வந்தது. 1843-ல் அது வருவதற்கு முன்பு திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியைப் படகில் கடக்க வேண்டும். முந்தி ஏறுவதற்கு அடிதடியே நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் கதை கதையாகச் சொல்வார்கள். கலெக்டரிடம் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் கைக்காசைப் போட்டுப் பாலத்தை வரவைத்தார். அந்தத் துறையில் சண்டை ஓய்ந்தது. ஆனால் துறைகள் ஒழியவில்லை. ரேஷன் கடைத் தராசு, ஏ.டி.எம். வாசல், பஸ் படிக்கட்டு என்று பலரும் ஒரே வழியில் நுழைய வேண்டிய இடமெல்லாம் துறைதான். ரேஷன் கடையில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு, என் முறை வந்த பிறகு கார்டைத் தேடிப் பைக்குள் கைவிட்டவன் நான். மருமகனைச் சொல்லி என்ன?

சில வருஷங்களுக்கு முன் உவரி சுயம்புலிங்க சுவாமி கோவிலுக்குப் போயிருந்தோம். கடலிலிருந்து ஓலைப்பெட்டியில் மண் சுமக்கிற நேர்ச்சை. முடித்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தபோது கொஞ்ச தூரத்தில் ஒரு ஃபைபர் படகை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சிமெண்டுச் சரிவெல்லாம் இல்லை, வெறும் மணல். இரண்டு பக்கமும் தோள் கொடுத்து நெட்டினார்கள். பெரிய அலைகள் வந்து ஓய்கிற இடைவெளி பார்த்துத் தள்ள வேண்டும். படகு அலைக்குக் குறுக்கே திரும்பினால் கவிழ்ந்துவிடும். தள்ளியவர்களில் பாதிப்பேர் அதில் ஏறவில்லை. கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு அடுத்த படகுக்குப் போனார்கள். நன்றி சொன்னவரும் இல்லை, எதிர்பார்த்தவரும் இல்லை. இன்றைக்கு நான் தள்ளாவிட்டால் நாளைக்கு என் படகு மணலிலேயே கிடக்கும். அந்தக் கரைக்கு வேறு அறிவிப்புப் பலகை எதற்கு?

மிச்சிகனில் டிரெய்லர் இருக்கிறது, கயிற்றை இழுத்துச் சுற்றும் உருளை இருக்கிறது. ஒற்றை ஆள் படகை இறக்கி ஏற்றலாம். அடுத்தவன் கை தேவைப்படாத இடத்தில்தான் மரியாதையை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர்க் கிணற்றடியும் மனதில் வந்தது. நிறைகுடத்தைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. "ஏ தாயி, ஒரு கை புடி" என்று யாராவது கூப்பிட்டபடியே இருப்பார்கள். குழாய் வீட்டுக்குள் வந்தது, அந்தக் குரல் போய்விட்டது. இதை அம்மாவிடம் சற்று ஏக்கத்தோடுதான் சொன்னேன்.

அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "யாரு யாருக்குக் கை புடிச்சாவன்னு கேளு. சிலபேரு குடத்த வச்சிட்டுத் தள்ளித்தான் நிக்கணும். நாங்க எறச்சு ஊத்துனாத்தான் அவங்களுக்குத் தண்ணி. அந்தக் கொடுமை குழா வந்த பெறகுதான் கொறஞ்சுது."

எனக்குப் பதில் இல்லை. நான் ஏங்கிய அந்தக் கை எல்லோருக்கும் நீண்ட கை அல்ல. மிச்சிகன் பலகை என் மருமகனிடம் எந்த ஊர், யார் மகன் என்று விசாரிக்கவில்லை. முதலில் வந்தவன் முதலில் இறக்கலாம், அவ்வளவுதான். வரிசை ஆள் பார்ப்பதில்லை என்பதே அதன் பெருமை. அதே காரணத்தால், சுமையோடு திணறுகிறவளையும் அது பார்ப்பதில்லை. வரிசையில் சரியாக நின்றுவிட்டதாலேயே நான் மரியாதை தெரிந்தவன் ஆகிவிட மாட்டேன். வரிசை ஏற்படுத்திக் கொடுத்த சமத்துவத்தை விட்டுவிடாமல், பழைய கையை இந்தத் தடவை ஆள் பார்க்காமல் நீட்ட வேண்டும். அது கிணற்றடியில் இருந்ததைவிடக் கஷ்டம். தேவை நம்மைப் பிடித்துத் தள்ளாது. நாமாகத்தான் செய்ய வேண்டும்.

போன வாரம் ஊர் விலக்கில் சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு நின்றேன். நல்ல கூட்டம். பஸ் வந்ததும் வழக்கம்போல் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டினேன். ஜன்னல் வழியாகப் போட்டால் சீட்டு நமது; நம் ஊர்ச் சட்டம் அது. அதற்குள் முன்படியில் ஒரு கிழவி மூட்டையோடு இறங்கினாள். தரையில் வைத்த மூட்டையைத் தலைக்கு ஏற்ற முடியவில்லை. சுற்றிலும் ஏறுகிற அவசரம். "எய்யா, ஒரு கை புடியேன்" என்றாள். யார் வீட்டுக் கிழவி என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

கையிலிருந்த துண்டைச் சும்மாடாகச் சுற்றி அவள் தலையில் வைத்தேன். மூட்டையைத் தூக்கிவிட்டேன். துண்டோடு அவள் நடந்துவிட்டாள். நான் சங்கரன்கோவில் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். டிக்கெட்டுக்குச் சில்லறையை மட்டும் முன்னாலேயே எண்ணிக் கையில் வைத்திருந்தேன்.