தொடாமல் ஐந்து நிமிடம்

இளையோர் குழுவை விலங்குக் காப்பகத்துக்கு அழைத்துப் போகும் வேலையில் முக்கால்வாசி தொலைபேசியிலேயே முடிந்துவிடுகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து சாந்தோம் பேராலய வாசலில் பேசும்போது இருபது பேர் வருவதாக இருக்கும். வாரத்தின் நடுவில் அது முப்பதைத் தாண்டும். கிளம்பும் காலையில் வேனில் ஏறுபவர்கள் ஒரு டஜன். அந்த ஒரு டஜனைத்தான் காப்பகத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பேன். அதற்கு மேல் ஆட்கள் போய் நின்றால் நாய்களின் குரைப்பு அடங்கவே அடங்காது.

பெற்றோர் கையெழுத்துக் கடிதம், மூடிய செருப்பு, தண்ணீர் பாட்டில். பிஸ்கெட் பாக்கெட் வேண்டாம் என்று இருமுறை சொல்வேன். பாதிப் பேர் பையில் அது இருக்கும்.

*

அக்டோபர் 4 அசிசியின் புனித பிரான்சிஸ் திருநாள். உலக விலங்குகள் தினமும் அன்றுதான். அந்த வாரத்தில் எல்லாக் குழுக்களும் வர ஆசைப்படும். ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்றுக்கு முகம் வாடும். கத்திரி வெயிலில் யாரும் கூப்பிடுவதில்லை. தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடி அடிபட்ட நாய்கள் வரும் நாட்களிலும், கார்த்திகை மழையில் சாக்கும் பழைய துணியும் ஈரம் காயாமல் கிடக்கும் நாட்களிலும் கை தேவைப்படுகிறது. கைபேசி அப்போது அமைதியாக இருக்கிறது. அன்புக்கும் ஒரு சீசன் உண்டு போலிருக்கிறது.

கல்லூரிப் பிள்ளைகள் முதலில் கேட்பது சான்றிதழ். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் காட்ட வேண்டும். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? சான்றிதழுக்காக வந்து தொட்டி கழுவியவன் கழுவிய தொட்டியும் சுத்தமாகத்தான் இருக்கிறது.

*

உள்ளே போனதும் முதல் ஐந்து நிமிடம் யாரும் எதையும் தொடக் கூடாது. இது நான் வைத்த விதி. தரையில் பக்கவாட்டாக உட்காரச் சொல்வேன். கை மடியில் இருக்க வேண்டும். நாயின் கண்ணுக்குள் பார்க்கக் கூடாது. அதன் கணக்கில் அது சண்டைக்கு அழைப்பு. கைபேசி பைக்குள் போய்விடும்.

முதல் நிமிடம் சிரிப்பு. இரண்டாவது நிமிடத்தில் கொசு. அதற்குப் பிறகுதான் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

போன முறை ஒரு செம்பழுப்புப் பெண் நாய். பின்னங்கால் ஒன்று தொடையோடு எடுக்கப்பட்டது. தையல் ஆறிய இடத்தில் முடி இன்னும் முளைக்கவில்லை. பிள்ளைகளைப் பார்த்ததும் அது வாலாட்டியது. “அக்கா, ஹேப்பியா இருக்கு,” என்றாள் ஒருத்தி. வாய் இறுக மூடியிருந்ததைப் பார்க்கச் சொன்னேன். நாய் கொட்டாவி விட்டது, மூக்கை நாக்கால் துழாவிக்கொண்டது, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியது. தூக்கமும் இல்லை, பசியும் இல்லை. பயந்த நாய் “சண்டை வேண்டாம்” என்று சொல்லும் விதம் அது. வால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

யாரும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அது மூன்று காலில் தத்தித் தத்தி வந்து, நொச்சிக்குப்பத்துப் பையன் ஒருவனின் செருப்பை மோந்தது. வலது செருப்பை முடித்து, இடது செருப்பு. பிறகு கணுக்கால். காலையில் வலை பிரிக்கப் போய்விட்டு நேரே வேன் ஏறியவன் அவன். மற்ற யாரையும் அது ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஏசி அறையிலிருந்து வாசனை போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பொறாமை.

நாம் கொடுக்கிறோம் என்ற நினைப்பு அந்த ஐந்து நிமிடத்தில் சற்று ஆட்டம் காண்கிறது. வாரத்துக்கு ஒரு புதுக் கூட்டம் வந்து தடவிவிட்டுப் போவதால் நாய்க்கு என்ன ஆதாயம் என்று எனக்கே சந்தேகம் உண்டு. சும்மா பக்கத்தில் இருந்துவிட்டு வரக் கற்றால், அது வெளியே தெருவில் இருக்கும் நாய்க்கும் உதவும்.

*

வேன் திரு.வி.க. பாலம் ஏறும்போது இடப்புறம் பிரம்மஞான சபையின் மரங்கள் தெரியும். அந்தச் சபையைச் சேர்ந்த ருக்மிணி தேவியின் கதையை அங்கே தொடங்குவேன். நடனத்துக்காக அறியப்பட்ட பெயர். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர், விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியம் பல ஆண்டுகள் இதே சென்னையிலிருந்துதான் இயங்கியது.

பிள்ளைகளுக்குப் பிடித்தது அடுத்த கதை. கேப்டன் சுந்தரம், அவர் மனைவி உஷா சுந்தரம், இருவரும் விமானிகள். 1951இல் டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஏறத்தாழ 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தவர்கள். 1959இல் அவர்கள் தொடங்கியதுதான் இந்திய புளூ கிராஸ். அப்போது மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. கொல்லக் கொல்ல எண்ணிக்கை குறையவில்லை. ஒரு தெருவில் நாய் இல்லாமல் போனால் குப்பையும் எச்சில் இலையும் இருக்கும்வரை பக்கத்துத் தெரு நாய் வந்து குடியேறும், குட்டி போடும். 1960களிலேயே புளூ கிராஸ் சொல்லத் தொடங்கிய மாற்று: பிடி, கருத்தடை செய், வெறிநோய்த் தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆனது. நாடு முழுவதற்குமான விதிகள் 2001இல் வந்தன, 2023இல் புதுப்பிக்கப்பட்டன.

“மறுபடியும் ரோட்லயா விடுவாங்க?” என்று எம்.ஆர்.சி. நகர் பெண் ஒருத்தி கண் கலங்கிக் கேட்டாள். நான் விளக்க வாயெடுப்பதற்குள் நொச்சிக்குப்பத்துப் பையன் திரும்பினான். “அதுக்கு அதானே வூடு?”

*

கடியைப் பற்றிப் பேசாமல் கூட்டிப் போவது பொறுப்பில்லாத வேலை. கடி, நகக்கீறல், புண்ணில் நாக்கு பட்டால்கூடச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்; உடனே ஊசிக்குப் போக வேண்டும். வெறிநோயின் அறிகுறி வந்தபின் பிழைப்பது அரிதினும் அரிது. கடிபட்டதை வீட்டில் சொல்லத் தயங்கி மறைக்கும் பிள்ளைகள்தான் என் பயம்.

2025 ஆகஸ்டில் டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் முதலில் சொல்லி, அதே மாதம் 22ஆம் தேதி அதைத் திருத்தியபோது வேனில் பெரிய வாக்குவாதம். தம்பியை நாய் கடித்த ஒரு பெண் முதல் உத்தரவுதான் சரி என்றாள். அவள் வாயை யாரும் அடைக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டேன். அவள் பயம் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. அவள் அடுத்த முறையும் வந்தாள், தூரமாகவே உட்கார்ந்தாள், தொட்டி கழுவினாள்.

*

காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை அறுவை முடிந்தது என்று அடையாளம். மயக்கத்தில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுகிறார்கள். இதைச் சொன்ன மறுவாரம் நொச்சிக்குப்பத்துப் பையன் ஒரு தாளோடு வந்தான். லூப் சாலை ஓரம், படகுகளுக்கு நடுவில், மீன் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் நாய்களின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பெயர். மூன்று பெயருக்கு எதிரே காது வெட்டு இல்லை என்று கோடு.

“1913க்கு யார் பேசறது, நீங்களா நானா?”

“நீயே பேசு.”

மாநகராட்சி எண்ணில் அவன் பேசிவிட்டு வந்து சொன்னது: “தெரு பேர், கதவு நம்பர் கேட்டாங்கக்கா. அது போட்டுக்கு அடியில படுக்கும், போட்டு மதியம்தான் கரைக்கு வரும்னு சொன்னேன். எழுதிக்கினாங்க.”