பெருநாள் செலவும் மனக்குறையும்



பெருநாள் முடிந்த மறுநாள் வீட்டில் ஒருவித வெறுமை வந்து உட்கார்ந்து கொள்வதைப் பலரும் அனுபவித்திருப்பீர்கள். புதுத்துணி கொடியில் தொங்குகிறது. பாத்திரங்கள் கழுவாமல் கிடக்கின்றன. கையிருந்த பணம் கரைந்து போயிருக்கிறது. “இத்தனை செலவு செய்தோமே, எதிர்பார்த்த சந்தோஷம் ஏன் வரவில்லை?” என்று உள்ளம் மெல்லக் கேட்கிறது. வெளியே சொல்லக் கூச்சமாக இருப்பதால், கேள்வியை மென்று விழுங்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்தக் கேள்வியை விழுங்காமல் என் முகத்துக்கு நேரே கேட்டவர் என் அண்ணன். அதற்கு நான் சொன்ன பதிலும், அந்தப் பதிலால் நான் அடைந்த வெட்கமுமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

2025-ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7, சனிக்கிழமையன்று வந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன் மூன்று வருடங்களுக்குப் பிறகு விடுமுறையில் செஞ்சிக்கு வந்திருந்தார். சனியும் ஞாயிறும் குடும்பம் முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. குர்பானிக்கு இரண்டு ஆடுகள், பதினாறு பேருக்குப் புதுத்துணி, வெளியிலிருந்து வரவழைத்த பிரியாணி, ஞாயிறன்று கோட்டைக்கும் அங்கிருந்து புதுவைக் கடற்கரைக்கும் போய்வர ஒரு வேன் என்று எல்லாம் அவர் கைச்செலவு. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் ஆயிற்று.

நடந்தது என்ன? சனிக்கிழமை மாலையே இறைச்சிப் பங்கில் ஏதோ குறை கண்டு மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அக்கா அழுதுகொண்டே பின்னால் போனாள். ஞாயிறன்று கோட்டைக்குப் போய்ச் சேரும்போதே வெயில் ஏறிவிட்டது. முழங்கால் வலியால் அம்மா படியேற முடியாமல், ராஜகிரியின் அடிவாரத்தில் சஆதத்துல்லா கான் பள்ளிவாசல் பக்கம் நிழல் பார்த்து உட்கார்ந்து கொண்டார்கள். பிள்ளைகள் பாதி மலை ஏறுவதற்குள் தாகம் என்று திரும்பினார்கள். பெரிய பையன்கள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. புதுவை போய்த் திரும்பும் வழியில் இரண்டு குழந்தைகள் வேனுக்குள்ளேயே வாந்தி எடுத்தார்கள். மீந்த பிரியாணி கெட்டுப்போய்க் கொட்டப்பட்டது.

அன்றிரவு மொட்டை மாடியில் அண்ணன் கேட்டார்: “தம்பி, நீ ஓதினவன். சொல்லு. இவ்வளவு செஞ்சேனே, ஒருத்தர் முகத்திலேயும் சிரிப்பைக் காணோமே, ஏன்?”

என் நாவில் பதில் தயாராக இருந்தது. வீண்விரயம் செய்பவர்களை ஷைத்தானின் சகோதரர்கள் என்று பனீ இஸ்ராயீல் சூரா (17:27) கண்டிப்பதை எடுத்துச் சொன்னேன். ஆடம்பரத்தில் பரக்கத் இராது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நான் வட்டிக்கு வாங்கலே. கடனும் வாங்கலே. ஒரு ரூம்ல எட்டுப் பேரோட படுத்து, மூணு வருஷமாச் சேர்த்த காசு. பெத்த தாய்க்கும் கூடப் பிறந்ததுகளுக்கும் செலவு செஞ்சது வீண்விரயமா?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி அல்லவா? ஒருவன் செலவழிக்கும் காசுகளில், குடும்பத்தாருக்காகச் செலவழிக்கும் காசுக்கே மிகுந்த கூலி உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பது முஸ்லிம் ஷரீஃபில் இருக்கிறது. மனைவியின் வாயில் ஊட்டும் ஒரு கவளத்துக்கும் நன்மை உண்டென்று ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு நாயகம் அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அர்ரஹ்மானின் நல்லடியார்களை வருணிக்கும் ஃபுர்கான் சூரா (25:67), அவர்கள் அளவு கடந்தும் செலவழிக்க மாட்டார்கள், கையை இறுக்கிக் கஞ்சத்தனமும் செய்ய மாட்டார்கள், இரண்டுக்கும் நடுவே நிற்பார்கள் என்கிறது. ஆக, செலவு செய்வதே குற்றம் என்று மார்க்கம் சொல்லவில்லை. கொட்டப்பட்ட பிரியாணி வீண்விரயம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அண்ணனின் மனக்குறைக்கு அந்தப் பிரியாணி காரணமல்ல. ஐந்நூறு ரூபாயில் பெருநாள் கொண்டாடிய வீட்டிலும் இதே வெறுமை வருவதை நாம் பார்க்கவில்லையா?

அப்படியானால் காரணம் என்ன?

நாம் கொண்டாடிய பெருநாளே இதற்கு விளக்கம் தருகிறது. குர்பானிப் பிராணிகளின் மாமிசமோ இரத்தமோ அல்லாஹ்வைச் சென்றடைவதில்லை, நம்முடைய தக்வாவே அவனை அடைகிறது என்று ஹஜ் சூரா (22:37) தெளிவாக்குகிறது. ஆட்டை விலை பேசுகிறோம், பல் பார்க்கிறோம், அறுக்கிறோம், பங்கிடுகிறோம். இத்தனைக்கும் பிறகு அங்கே போய்ச் சேருவது கண்ணுக்குத் தெரியாத ஒன்றுதான். அல்லாஹ்வின் விஷயத்திலேயே இப்படி என்றால், மனிதர்களின் விஷயத்தில் மட்டும் வேறாக இருக்குமா? நாம் வாங்கிக் கொடுக்கும் சேலையும் சட்டையும் உடம்பைத்தான் போய்ச் சேருகின்றன. உள்ளத்தைப் போய்ச் சேருவது வேறு.

அது எது என்பதை நாயகம் (ஸல்) அவர்களுடைய வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டியும் கேடயமும் கொண்டு விளையாடினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அதைப் பார்க்க ஆசை. நாயகம் அவர்கள் அன்னையைத் தமக்குப் பின்னால் நிறுத்தி மறைத்துக்கொண்டு, அன்னைக்கே பார்த்துச் சலிக்கும் வரை அப்படியே நின்றிருந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்தச் சம்பவம் இருக்கிறது. அன்று அந்த வீட்டில் எத்தனை திர்ஹம் செலவாயிற்று? ஒன்றும் இல்லை. கொடுக்கப்பட்டது என்ன? அவகாசம். நபித்துவத்தின் பெரும் பாரத்தைச் சுமந்தவர்கள், ஓர் இளம் மனைவியின் கண்கள் நிறையும் வரை கால்கடுக்க நின்றார்கள்.

இதை நினைத்தபோது எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் புரிய ஆரம்பித்தது. அண்ணன் அன்று யாரோடு இருந்தார்? காலையில் வேன் டிரைவரோடு, பிறகு நுழைவுச்சீட்டு வரிசையில், அப்புறம் பிரியாணிக்காரரோடு போனில், மாலையில் கணக்கோடு. நாங்கள் அவருடைய கையைப் பார்த்தோம், முகத்தைப் பார்க்கவில்லை. அறையில் எட்டுப் பேரோடு படுத்திருந்த மூன்று வருடங்களிலும் அவர் மனத்தால் எங்களோடு இருந்தார். எங்களோடு இருந்த இரண்டு நாளும் ஏற்பாடுகளோடு இருந்தார்.

எங்கள் செஞ்சியில் யாரைக் கேட்டாலும் தேசிங்கு ராஜன் கதையைச் சொல்வார்கள். 1714-இல் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கானின் படையை எதிர்த்து அந்த இளைஞன் போருக்குப் புறப்பட்டபோது, நண்பன் மோவத்துக்கான் தன் கல்யாணத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து சேர்ந்தான் என்பது கதைப்பாடல். போரின் நியாய அநியாயம் சரித்திரக்காரர்கள் பாடு. ஆனால் முந்நூறு வருடங்களாக ஜனங்கள் அந்த நட்பை மறக்காததற்குக் காரணம் என்ன? மோவத்துக்கான் பணம் கொடுத்தனுப்பியதாகவோ, படை அனுப்பியதாகவோ கதை சொல்லவில்லை. அவனே வந்தான் என்றுதான் சொல்கிறது.

இனி அடுத்த விஷயத்துக்கு வருவோம். அண்ணன் எதிர்பார்த்த சிரிப்பு. அதை எதிர்பார்ப்பது தவறா?

பசித்தவர்களுக்கு உணவளிக்கும் நல்லடியார்கள், அல்லாஹ்வின் திருப்தியை மட்டும் நாடியே அளிப்பதாகவும், உண்பவர்களிடமிருந்து பிரதியுபகாரமோ நன்றியோ எதிர்பார்ப்பதில்லை என்றும் தஹ்ர் சூரா (76:8-9) அவர்களுடைய உள்ளத்தை நமக்குத் திறந்து காட்டுகிறது. இது மிக உயர்ந்த படித்தரம். ஸஅத் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட ஹதீஸிலும், அல்லாஹ்வின் திருப்தியை நாடிச் செலவழித்தால் என்ற நிபந்தனை உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நிய்யத், இஃக்லாஸ், ஸித்க் மூன்றையும் ஒரே பாகத்தில் சேர்த்து வைத்தார்கள். செயலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மனிதரின் முகமலர்ச்சியைக் கூலியாக வைத்துச் செலவழித்தால் என்ன ஆகும்? கூலி கொடுக்க வேண்டியவர்களுக்குத் தலைவலி வரலாம், வெயில் சுடலாம், பழைய கோபம் நினைவுக்கு வரலாம். நம் கூலி அத்தனை பேருடைய மனநிலையிலும் மாட்டிக்கொள்கிறது. அல்லாஹ்விடம் கூலி வைத்தவனுக்கு அந்தக் கவலை இல்லை. மச்சான் கோபித்துக்கொண்டு போனாலும் அவன் கணக்கில் ஒரு காசும் குறைவதில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிரிப்பு வராதபோது மனம் வாடுவது பாவமல்ல. மூன்று வருடம் பிரிந்திருந்தவன் தாயின் முகத்தில் மலர்ச்சி தேடுவது மனித இயற்கை. உள்ளத்தில் எழும் எண்ணங்களை, அவற்றைப் பேசாமலும் செய்யாமலும் இருக்கும் வரை, இந்த உம்மத்துக்கு அல்லாஹ் மன்னித்திருக்கிறான் என்பது நபிமொழி. ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. “உங்களுக்காக எத்தனை செலவு செய்தேன்” என்று வாய் திறந்து சொல்லிக் காட்டினால், கொடுத்தது அழிந்துபோகிறது. சொல்லிக் காட்டியும் நோவினை செய்தும் தர்மங்களைப் பாழாக்காதீர்கள் என்ற கருத்தில் பகரா சூரா (2:264) எச்சரிப்பது இதைத்தான். அண்ணன் யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை. இருட்டில், தன் தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவுதான்.

அந்தத் தம்பி என்ன செய்தான்? இப்போது என் கணக்குக்கு வருகிறேன்.

அண்ணன் அம்மாவுக்கு வாங்கி வந்த சேலையின் விலை, பள்ளிவாசலில் நான் வாங்கும் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். அம்மா அதை அக்கம்பக்கத்தாரிடம் காட்டிக் காட்டிப் பூரித்தார்கள். தினமும் அம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவன் நான். என் உள்ளத்தில் முள் குத்தியது. இரண்டு நாளும் அவர் சாப்பாட்டைச் சாப்பிட்டேன், அவர் துணியை உடுத்தினேன், ஆனால் ஒரு தடவைகூட “ஜஸாகல்லாஹு கைரன்” என்று சொல்லவில்லை. மக்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவன் ஆகமாட்டான் என்ற ஹதீஸை எத்தனை பயான்களில் ஓதியிருப்பேன்! அவர் எதிர்பார்த்துக் காணாத முகங்களில் என் முகமும் ஒன்று.

ஆகவே அன்றிரவு இஸ்ராஃபைப் பற்றி நான் ஓதிய ஆயத்து சத்தியமானது. அதை ஓதிய என் நிய்யத்து சத்தியமாக இல்லை. மருந்தாகக் கொடுக்க வேண்டியதை நான் கல்லாக எடுத்து எறிந்தேன். ஆலிம்கள் இதை யோசிக்க வேண்டும். மனம் உடைந்து ஒருவன் கேட்கும்போது, சட்டத்தைச் சொல்வதற்கு முன் நம் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு கணம் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

பஜ்ருக்குப் பிறகு அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடுடா” என்று மட்டும் சொன்னார். ஊருக்குப் புறப்படும் முன் ஒருநாள் அம்மா தாழ்வாரத்தில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தானும் எடுக்க ஆரம்பித்தார். சின்ன வயதில் அவர் அத்தாவுக்குப் பயந்து கூடையைக் கவிழ்த்து ஒளிந்த கதையை அம்மா சொல்ல, இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பாத்தியம்தான் அவருக்கு விமான டிக்கெட் வாங்கிக் கொடுத்து வாசல்வரை கொண்டுவந்தது. அதை மறுப்பது நன்றிகெட்டதனம். வாசலைத் தாண்டி உள்ளே வந்தது அவரேதான்.

சகோதரர்களே! பெருநாளைக்குச் செலவு செய்யுங்கள். அல்லாஹ் கொடுத்ததை மறைத்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் கையிருப்பை முன்கூட்டியே கணக்கிட்டு, மீந்து கொட்டாத அளவில் செய்யுங்கள். எந்த ஏற்பாடும் இல்லாத ஒரு பொழுதை மிச்சம் வையுங்கள். நடக்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களோடு சேர்ந்து போகக்கூடிய இடத்துக்கே போங்கள், இல்லாவிட்டால் அவர்களோடு இருங்கள். பெறுகிறவர்கள் வாய் திறந்து நன்றி சொல்லுங்கள். வெளிநாட்டில் உழைத்து வருகிறவனுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு தேவை என்பது அவன் தனியே உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரியும்.

வல்ல நாயன் நம் செலவுகளை இஃக்லாஸுடையதாகவும், நம் நாவுகளை நன்றியுடையதாகவும், நம் பெருநாட்களை உறவு சேர்க்கும் நாட்களாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.