கடையில் நிற்போருக்கும் வாங்குவோருக்கும்



நம் பங்குகளில் எத்தனையோ குடும்பங்கள் ஒரு மகனோ மகளோ கடையில் நின்று உழைக்கும் சம்பளத்திலே சீவிக்கின்றன. புடைவைக் கடை, பலசரக்குக் கடை, மருந்துக் கடை என்று காலை முதல் இரவு வரை அவர்கள் நிற்கிறார்கள். வீடு திரும்பியதும் கால் நோவைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. மனிதர் தந்த நோவைப் பற்றியே பேசுகிறார்கள். இருபது சேலைகளை விரிக்கச் செய்துவிட்டு, “ஒண்டும் பிடிக்கேல்லை” என்று எழுந்து போகிறவர். நிறுத்துக் கட்டிய சீனியை மறுபடி நிறுக்கச் சொல்கிறவர். முன்னே நிற்பவரைத் தள்ளிக்கொண்டு காசை நீட்டுகிறவர். தாமே சொல்லிக் கொப்பியில் எழுதுவித்த கடனை மாத முடிவில் மறுக்கிறவர். 2022ஆம் ஆண்டில் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் சனம் வரிசையில் நின்ற நாட்களில், விலையை ஏற்றாத கடைப் பொடியன்தானே ஏச்சு முழுவதையும் வாங்கிக் கட்டினான்?

இப்படிப்பட்டவர்களைச் சகிப்பது அற்ப காரியமல்ல. நாம் ஞானோபதேசத்தில் படித்த ஆத்துமத்துக்கடுத்த இரக்கச் செயல்கள் ஏழில், தொல்லை தருவோரைப் பொறுமையோடு சகித்தலும் ஒன்றாகும். பசித்தவனுக்குச் சோறிடுவதைப் போல இதனையும் தர்மமாகவே திருச்சபை எண்ணுகிறது.

இதற்கு ஆண்டவரே முன்மாதிரி. உண்பதற்கும் நேரமின்றிக் களைத்த சீடரை அழைத்துக்கொண்டு அவர் தனிமையான இடம் தேடிப் படகேறினார். சனமோ கரைவழியாக ஓடி, அவருக்கு முன்பே அங்கு போய் நின்றது. அவர் முகம் சுளிக்கவில்லை. மேய்ப்பனில்லா ஆடுகளாக அவர்களைக் கண்டு மனமிரங்கினார் (மாற்கு 6:31–34). தொல்லைக்குப் பின்னால் இருந்த தேவையை அவர் கண்டார். நாமும் காண முயலலாம். விலையை மூன்று தரம் கேட்கும் முதியவர், மடியில் இருக்கும் காசை மனதுக்குள் எண்ணிப் பார்க்கிறார் போலும். சிடுசிடுக்கும் தாயின் வீட்டில் நோயாளி ஒருவர் கிடக்கலாம்.

ஸ்பானியா தேசத்துப் புனித அல்போன்ஸ் ரொட்றிகேஸ் ஒரு காலத்தில் கம்பளி வியாபாரி. வியாபாரம் நொடித்தது, மனைவியையும் பிள்ளைகளையும் சாவு கொண்டு போயிற்று. பின்னர் இயேசு சபைச் சகோதரராகி, மயோர்க்காத் தீவிலுள்ள கல்லூரியொன்றில் நெடுங்காலம் வாயில் காத்தார். மணி அடிக்குந்தோறும் ஆண்டவரே வாசலில் நிற்பதாக எண்ணி, அவருக்கு மறுமொழி சொல்லிக்கொண்டே கதவைத் திறக்கப் போவாராம். வேறு பெரிய காரியம் எதுவும் செய்யாத இந்த வாயிற்காவலரையே 1888இல் திருச்சபை புனிதராக உயர்த்திற்று.

ஆனால் பொறுமை என்பது அடிமைத்தனமல்ல. தலைமைக் குருவின் முன்னிலையில் காவலன் ஒருவன் அறைந்தபோது இயேசு திருப்பி அடிக்கவில்லை; பேசாமலும் இருக்கவில்லை. தாம் பேசியதில் பிழை என்ன, அடித்ததற்கு நியாயம் என்ன என்று அவனிடமே கேட்டார் (அருளப்பர் 18:22–23). ஆகவே, எவராவது தூஷண வார்த்தை பேசினால், “ஐயா, கேட்ட சாமானைத் தருகிறேன், இப்படிப் பேச வேண்டாம்” என்று அமைதியாகச் சொல்வது பாவமல்ல. வாய் திறவாமல் நின்று, பின்பு நிறையில் குறைப்பதும், இருக்கும் சாமானை இல்லையென்பதும், அவர் போனபின் பழித்துச் சிரிப்பதுமே பாவம். கள்ளத் தராசு கடவுளுக்கு அருவருப்பு என்கிறது நீதிமொழிகள் ஆகமம் (11:1). கோபம் அந்தத் தராசுக்குள் புக விடலாகாது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாயின் மீதும் தம்பி தங்கையர் மீதும் கொட்டுவதும் தகாது.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் முன்னிலையில் உங்கள் ஊழியரை ஏசி அவரைத் திருப்திப்படுத்தாதீர்கள், நியாயத்தை விசாரியுங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று சாதாரண வேலை நேரத்தை வரையறுத்தது வீணுக்கல்ல. களைத்த உடலிடம் பொறுமையை எதிர்பார்ப்பது எப்படி?

இனி நம் எல்லாருக்கும். கடையில் நிற்பவர் சிலர். வாங்கப் போகிறவர் நாம் அனைவரும். நத்தார் புடைவை எடுக்கப் போகும்போது, மேசைக்கு அப்பால் நிற்பவளும் ஒரு தாயின் பிள்ளை என்பதை மறக்கிறோம். கோவிலில் சமாதானம் கூறிய அதே வாயால் கடையில் அவளை ஏசலாமா? பெற்றோரின் பேச்சைப் பார்த்தே பிள்ளைகள் பழகுகிறார்கள்.

ஆதலால், கடையில் வேலை செய்வோரே, கதவு திறக்குமுன் சிலுவை அடையாளம் வரைந்து, அன்று வரப்போகும் கடினமான மனிதருக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள். வாங்குவோரே, வேண்டியதை முன்கூட்டியே தீர்மானித்துப் போங்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒரு நன்றி சொல்லி வாருங்கள். நசரேத்தூரில் தச்சுவேலை செய்து, வேலை கொடுத்தோரின் நல்ல குணத்தையும் கெட்ட குணத்தையும் அறிந்திருந்த ஆண்டவர், இரு பகுதியாரையும் ஆசீர்வதிப்பாராக.