பனை நின்ற இடம்

மதிலுக்கு அத்திவாரம் வெட்ட மேசன் கயிறு இழுத்துக் கட்டிய காலையில், பக்கத்து வளவு அக்கா எங்கள் படலைக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

“தம்பி, உம்மடை கயிறு எங்கடை காணிக்குள்ளை நிக்குது.”

கயிறு இருந்த வேலியை ஒட்டித்தான் போனது. அந்த வேலி 1996இலிருந்து அங்கேதான் நிற்கிறது. அதைச் சொன்னேன். “வேலி நிக்கும். வேலி ஆர் போட்டது?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு மூன்று கிழமை அந்த வளவிலிருந்து எங்கள் வீட்டுக்கு முருங்கைக்காய் வரவில்லை.

அலுமாரியிலிருந்து உறுதியை எடுத்துப் படித்தேன். எங்கள் ஊரில் பழைய உறுதி வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: அதில் கோடு இருக்காது. இத்தனை பரப்பு, இத்தனை குழி என்று ஒரு விஸ்தீரணம் இருக்கும். பதினெட்டுக் குழி ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். பிறகு எல்லைகள். வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னார், தெற்கே இன்னார். என் காணி எங்கே முடிகிறது என்று கேட்டால் என் உறுதி அக்காவின் தகப்பனாரின் பெயரைச் சொல்கிறது. அவர்களுடைய உறுதியில் அதே இடத்தில் என் பாட்டனாரின் பெயர் இருக்கும். சண்டை பிடிக்கிற இருவரும் ஒருவர் கையில் மற்றவரின் பெயரை ஆதாரமாக வைத்திருக்கிறோம். அன்று இரவு இது எனக்குச் சிரிப்பாகப் படவில்லை, எரிச்சலாகத்தான் இருந்தது.

வேலிச் சண்டை எங்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்து வழக்கறிஞர்களில் ஒரு கதியாலுக்காக நடந்த வழக்கின் கதை ஒன்றாவது தெரியாதவர் இருக்கமாட்டார். பூவரசிலும் கிளுவையிலும் கதியால் வெட்டி நட்டு, கிடுகு வைத்துக் கட்டுவது வேலி. கதியால் உக்கும், புதிது நடவேண்டும். நடுகிறவன் கை ஒரு விரற்கடை அடுத்த பக்கம் சாயும். மறுமுறை அடைக்கும்போது அடுத்த பக்கத்தவன் இரண்டு விரற்கடை தள்ளி வைப்பான். என் சின்ன வயதில் வேலி அடைப்பு நாளில் பெரியவர்கள் கதிரை போட்டு இருந்து காவல் பார்த்ததைக் கண்டிருக்கிறேன். சத்தம் போடுவார்கள். பின்னேரம் அதே வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் ஒரு வீட்டுப் பிள்ளை குனிந்து போய் மற்ற வீட்டில் உப்பு வாங்கி வரும்.

இப்போது யோசித்தால், அந்த வேலிகள் உக்கியதுதான் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைக்கிறேன். கிடுகுக்கு ஒரு மறுவருடம் உண்டு. இந்த முறை விட்டது அடுத்த அடைப்பில் கைக்கு வரலாம் என்பதால் யாரும் கடைசி வார்த்தையைச் சொல்லவேண்டியிருக்கவில்லை. அக்கா இத்தனை வருடம் பேசாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். என் தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசில் நான் கட்ட நினைத்த சீமெந்துக் கல் மதிலுக்கு மறுவருடம் கிடையாது.

1996இல் நடந்தது என்ன என்பதையும் சொல்லவேண்டும். 1995 ஒக்ரோபர் 30இல் போரால் எங்கள் வலிகாமமே ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த சித்திரை, வைகாசியில் நாங்கள் திரும்பினோம். அக்கா குடும்பம் கடல் கடந்து வன்னிக்குப் போய்விட்டது. வந்து பார்த்தால் வேலி இல்லை. யாரோ விறகுக்கு எடுத்திருந்தார்கள். எங்கள் ஐயா தனியாக இரண்டு மூலைக்கும் கயிறு கட்டி, நேராக வேலி போட்டார். கேட்பதற்கு மற்றப் பக்கத்தில் ஆள் இல்லை. ஆள் இல்லாததால் பொட்டும் வைக்கவில்லை. அக்கா 2010இல்தான் திரும்பி வந்தார், இரண்டு பேர் குறைவாக.

வழக்கறிஞரான நண்பர் ஒருவரிடம் போனேன். பத்து வருடம் இடையூறின்றி ஆண்டு அனுபவித்தால் உரித்துக் கேட்கலாம் என்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம். போரால் தம் உரிமையைக் கேட்க முடியாமற் போனவர்களுக்கு எதிராக 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கிடக்கூடாது என்று 2016இல் ஒரு தனிச்சட்டம் வந்தது. அந்தக் காலம் முடிந்த பிறகும் பத்து வருடம் தாண்டிவிட்டதே என்றேன். “வழக்காடலாம்” என்றார் நண்பர். அந்தச் சொல் இரண்டு நாள் எனக்கு இனித்தது. மறைக்க விரும்பவில்லை. ஒரு மனுசி அயலோடு பகை வேண்டாம் என்று பொறுத்திருந்த வருடங்களை எண்ணி எண்ணி, அதையே அவருக்கு எதிராகச் சாட்சிக்கு ஏற்றலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்து வைத்தது மேசன்தான். மூலையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தவர் நடுவில் அலவாங்கைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டார். ஒன்றரை அடி ஆழத்தில் கறுத்து உக்கிய நார் வட்டம் ஒன்று. பனையின் அடி. அக்காவைக் கூப்பிட்டேன். இந்த முறை படலையைத் தாண்டி வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

“இது எங்கடை பனை. தொண்ணூறிலை பங்கருக்குத் தறிச்சது. வேலி இதைச் சுத்தித்தான் உங்கடை பக்கம் வளைஞ்சு போகும்.”

எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பந்து விழுந்தால் அந்த வளைவுக்குள்தான் தேடுவோம். ஐயாவுக்கும் தெரிந்திருக்கவேண்டும். பனைதான் இல்லையே என்று நேராகப் போட்டாரா, களைத்துப் போயிருந்தாரா, அவரிடம் இனிக் கேட்க முடியாது. அறுபது அடி வேலியில் நடுவில் ஒன்றரை அடி வளைவு. கணக்குப் பார்த்தால் மூன்றில் ஒரு குழிகூட வராது.

“பனைதான் இப்ப இல்லையே அக்கா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“பனை இல்லையெண்டால் நிலமும் இல்லையோ, தம்பி?”

மதிலை வளைத்துக் கட்டச் சொன்னேன். கல் கூடப் போகும், பார்க்க வடிவாயும் இராது என்றார் மேசன். அவர் சொன்னதில் பிழை இல்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். வளைவு தொடங்கும் இடத்தில் அக்கா மண்ணைக் காலால் தட்டிச் சமன் செய்துவிட்டு, “பொட்டு எங்கை வைக்கப்போறியள்?” என்றார். கிணற்றடிப் பக்கம் வேண்டும் என்றார் அவர். என் மனைவி குசினிக்கு நேரே வேண்டும் என்றாள். இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மேசன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையில் இருந்த கல்லைக் கீழே வைத்து, தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.