துக்கக் கதையில் இன்பம் காணலாமா?



இரவு விளக்கணைக்கும் வேளையிலும் மகள் ஒரு தடித்த புத்தகத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். கண்கள் கலங்கியிருக்கின்றன. “அப்படி என்னம்மா இருக்கிறது அதில்?” என்று தாய் கேட்கிறாள். “ஒரு பையன் செத்துப்போகிறான் அம்மா. ஆனால் இந்த வரிசையில் இதுதான் ரொம்ப நல்ல புத்தகம்” என்று பதில் வருகிறது. தாய் திகைக்கிறாள். சாவைப் படித்து அழுதுகொண்டே, நன்றாயிருக்கிறது என்கிறாளே! இது நல்ல மனந்தானா?

உங்களில் பலர் வீட்டில் எழுந்திருக்கக்கூடிய கேள்வி இது. சற்று பொறுமையாக ஆராய்வோம்.

அம்மகள் கையிலிருப்பது, பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜே. கே. ரௌலிங் அம்மையார் 1997 முதல் 2007 வரை ஏழு புத்தகங்களாக வெளியிட்ட ஹாரி பாட்டர் கதையின் 4-ஆம் புத்தகம். முதற் புத்தகம் 223 பக்கமே. அதில் 11 வயதுப் பையன் ஒருவன் மாயவித்தைப் பள்ளிக்குப் போகிறான். ஆந்தைகளும், பறக்கும் துடைப்பமும், வேடிக்கையும் அதில் நிறைய உண்டு. 2000-ஆம் ஆண்டில் வந்த 4-ஆம் புத்தகமோ 636 பக்கம். பையனுக்கு 14 வயதாகிவிட்டது, கதையும் இருண்டுவிட்டது. மாயவித்தைக் கதை பிள்ளைகளுக்கு ஆகுமா என்பது வேறு கேள்வி. இன்று நாம் எடுத்துக்கொண்டது துக்கத்தைப் பற்றிய கேள்வி.

கதையில் நடப்பது இதுதான். ஒரு பெரும் போட்டியின் முடிவில், ஹாரியும் செட்ரிக் என்னும் 17 வயது மாணவனும் வெற்றிக் கிண்ணத்தருகே ஒருங்கே வந்து சேருகிறார்கள். “நீ எடுத்துக்கொள்” என்று ஒருவனுக்கொருவன் விட்டுக்கொடுக்கிறான். கடைசியில் ஹாரியின் யோசனைப்படி இருவரும் சேர்ந்தே அதைப் பிடிக்கிறார்கள். ஆனால் அது பகைவன் வைத்த கண்ணி. ஒரு கல்லறைத் தோட்டத்தில் போய் விழுகிறார்கள். அங்கே வோல்டமோர்ட் என்னும் அப்பகைவனின் ஒரே கட்டளையில், செட்ரிக் நொடிப்பொழுதில் கொல்லப்படுகிறான். அவன் செய்த குற்றம் ஒன்றுமில்லை. பெருந்தன்மையான செய்கையே சாவில் போய் முடிந்தது. வாசிக்கும் பிள்ளையின் நெஞ்சை அறுப்பது இதுவே.

இத்தகைய துக்கத்தில் இன்பம் ஏது? இதே கேள்வியை அர்ச். அகுஸ்தீனார் தம்மைத்தாமே கேட்டுக்கொண்டார். வாலிபத்தில் கார்த்தேஜ் நகரில் நாடகக் கொட்டகையே கதியென்று கிடந்தவர் அவர். தனக்கு நேரிடுவதை விரும்பாத துன்பத்தை, மேடையில் கண்டு அழுவதற்கு மனிதன் ஏன் ஆசைப்படுகிறான் என்று தம் ‘சங்கீர்த்தனங்கள்’ என்னும் நூலில் வினவுகிறார். அங்கே உட்கார்ந்திருப்பவனை யாரும் உதவிக்கு அழைப்பதில்லை, அழுவதற்கு மட்டுமே அழைக்கிறார்கள் என்பதும் அவர் சொன்னதே. கூர்மையான கண்டனம்! இதைத் தட்டிக்கழித்துவிட முடியாது.

ஆயினும் துக்கக் கதை தரும் இன்பம் இரு வகைப்படும். சாவையே வேடிக்கையாகக் கண்டு, இன்னும் வேண்டும் என்று கேட்பது ஒன்று. பக்கம் புரண்டதும் செத்தவன் பெயர் மறந்துபோகும். அது மனதைக் கல்லாக்கும். இப்புத்தகமோ செத்தவனை மறக்க விடுவதில்லை. செட்ரிக்கின் உடலைப் பெற்றோரிடம் சேர்க்க, ஹாரி தன் உயிரையும் பாராமல் சுமந்து வருகிறான். ஆண்டிறுதி விருந்தில் வெற்றிக் கொடிகளுக்குப் பதில் கறுப்புத் துணி தொங்குகிறது. அதிகாரிகள் மறைக்க விரும்பியதைத் தலைமையாசிரியர் டம்பிள்டோர் பிள்ளைகளிடமே சொல்லிவிடுகிறார்: அவன் கொல்லப்பட்டான், கொன்றவன் இன்னான் என்று. தற்செயலாய் இறந்தான் என்பது அவன் நினைவுக்கே அவமானம் என்பது அவர் எண்ணம். செட்ரிக்கின் பெற்றோர் ஹாரியைக் குறை கூறவில்லை. அவன் நீட்டிய ஆயிரம் பொற்காசையும் தொடவில்லை. அதை அவன் தன் நண்பனின் அண்ணன்மார் இருவருக்கு, வேடிக்கைச் சாமான் கடை வைக்கக் கொடுத்துவிடுகிறான். வரப்போகும் நாட்களில் சிரிப்பு தேவைப்படுமாம்!

பிள்ளை அடையும் இன்பம் இங்கேதான் இருக்கிறது. தன்னிடம் ஒருவர் உண்மையைச் சொன்னார், தன்னால் அதைத் தாங்க முடியும் என்று நம்பினார் என்ற ஆறுதல் அது. நாமோ தாத்தா இறந்தால், “ஊருக்குப் போயிருக்கிறார்” என்கிறோம். நம் முகத்தைப் பார்த்தே குழந்தை அறிந்துகொள்கிறது. ஆனால் கேட்கப் பயந்து, தனியே துக்கப்படுகிறது.

இருப்பினும் அகுஸ்தீனாரின் கேள்வி தீர்ந்துவிடவில்லை. செட்ரிக்குக்காக அழுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. நாளை வகுப்பில் ஒரு பெண் தந்தையை இழந்து வந்தால், நம் மகள் அவளருகே போய் உட்காருவாளா? என்ன பேசுவதென்று தெரியாமல் ஒதுங்கிப்போவாளா? ஒதுங்கினால் அந்தக் கண்ணீர் வீண். அருகே போனால் அது பயிருக்குப் பாய்ந்த நீர். சினிமாவில் விம்மிவிட்டு, அடுத்த வீட்டுத் துக்கத்துக்குப் போகச் சோம்பும் பெரியவர்களுக்கும் இதே நியாயந்தான்.

ஆகையால் தாய்மாரே, புத்தகத்தைப் பறிக்காதீர்கள். ஏழு வயதுத் தம்பி கேட்டால் மட்டும், சில ஆண்டு பொறுக்கச் சொல்லுங்கள். கதையின் பையனும் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தபின் அல்லவா அவ்விடம் வந்தான்? மகளருகே உட்கார்ந்து, “அவன் ஏனம்மா சாகவேண்டியிருந்தது? ஹாரி மேல் குற்றமுண்டா?” என்று கேளுங்கள். நமக்கே விடை தெரியாவிட்டாலும் பாதகமில்லை. அடுத்த முறை தெருவில் ஒரு துக்கம் நேர்ந்தால், அவளையும் கைப்பிடித்து உடன் அழைத்துச் செல்லுங்கள்.