என் கையிலிருந்த கள்ளத்தராசு



நீதிமொழிகள் 11-ம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், கள்ளத்தராசைக் கர்த்தர் எவ்வளவாய் வெறுக்கிறார் என்று வாசிக்கிறோம். அந்த வசனத்தைப் பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் மளிகைக்கடையையும் மீன் மார்க்கெட்டையும் நினைத்துக்கொள்வேன். நான்தான் எதையும் விற்கிறவள் அல்லவே என்று நிம்மதியாய் உட்கார்ந்திருப்பேன். ஆனால் நான் அங்கன்வாடிப் பணியாளர். மாதந்தோறும் தராசு பிடிக்கிற வேலை. அதில் ஏறுகிறது அரிசியும் பருப்பும் அல்ல, பிள்ளைகள்.

பால்வாடி என்றால் சோறு போட்டுத் தூங்கவைக்கிற இடம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறார்கள். 1975 அக்டோபர் 2-ம் தேதி நாட்டில் 33 வட்டாரங்களில் இந்தத் திட்டம் தொடங்கியபோதே சத்துணவோடு தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, முன்பருவக் கல்வி எல்லாம் சேர்ந்திருந்தது. தமிழ்நாட்டில் 1980-ல் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்திலோ, 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போடுவதுதான் அஸ்திபாரம். அதில் வேலை பார்த்த ஒரு அக்காதான் எனக்கு வளர்ச்சி அட்டை பார்க்கக் கற்றுத்தந்தார்கள். "ஒல்லியா குண்டான்னு பார்க்காத. கோடு ஏறுதா, படுத்துக்கிச்சா, இறங்குதா, அதைப் பாரு" என்பார்கள். பச்சை நிறத்துக்குள் இருக்கிற பிள்ளையானாலும், இரண்டு மூன்று மாதம் எடை ஏறாமல் நின்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் நான். 2012-ம் வருஷம் மழைக்காலத்தில் இரண்டு மாதம் தராசை உத்திரத்தில் மாட்டவேயில்லை. கணக்கெடுப்பு, போலியோ சொட்டு மருந்து, மாத அறிக்கை என்று வேலை கழுத்தை நெரித்தது. வேலை இருந்தது உண்மை. ஆனால் அதை நான் சாக்காகச் சொல்லமாட்டேன், ஏனென்றால் எடை போட ஒரு காலைப்பொழுது போதும். ஆயாம்மாகூடக் கேட்டார்கள், "டீச்சர், இந்த மாசமும் எடை போடலியா?" என்று. "பிள்ளைங்க நல்லாத்தானே இருக்கு, எழுதிக்கலாம்" என்றேன். ஒவ்வொரு பெயருக்கும் நேரே 200 கிராம் கூட்டி எழுதினேன். யாருக்கு நஷ்டம்?

எங்கள் மையத்தில் இரண்டரை வயதுப் பெண்பிள்ளை ஒன்று இருந்தது. கடைசியாய் உண்மையில் எடை போட்டபோது 10 கிலோ 600 கிராம். நான் எழுதினது 10.800, பிறகு 11. மூன்றாம் மாதம் சூப்பர்வைசர் மேடம் வருகிறார்கள் என்று தெரிந்துதான் தராசை இறக்கினேன், மனசாட்சி குத்தினதால் அல்ல. முள் 9 கிலோ 900-ல் நின்றது. ஸ்பிரிங் தராசைப் பூஜ்யத்தில் சரிபார்த்து மறுபடியும் போட்டேன். அதே 9.900. அட்டையில் மஞ்சள்.

அன்றே தாயையும் பிள்ளையையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன், அட்டையைக் கையில் கொடுத்து. நடந்ததைக் கேளுங்கள். டாக்டர் அட்டையை நம்பினார். ஒரே மாதத்தில் 1 கிலோ 100 கிராம் இறங்கியிருக்கிறதே, திடீரென்று வந்த வயிற்றுப்போக்காய்த்தான் இருக்கும் என்று அதற்கு மருந்து கொடுத்து அனுப்பினார். அவர்மேல் குற்றமில்லை. மாதாமாதம் கொஞ்சங்கொஞ்சமாய் இறங்கின பிள்ளை என்று அட்டை சொல்லியிருந்தால் வேறுவிதமாய் யோசித்திருப்பார். இன்னும் 15 நாள் போயிற்று. பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்றார்கள். வீட்டில் இருமிக்கொண்டிருந்த தாத்தாவையும் சோதித்தார்கள், அவருக்குக் காசநோய். 6 மாத மருந்தில் கர்த்தர் பிள்ளையைத் தப்புவித்தார்.

அந்தத் தாய் நம் சபைக்குப் புதிதாய் வந்தவள். (அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) ஒரு ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து, "எங்க டீச்சரக்கா எடை போட்டுக் கண்டுபிடிச்சதாலதான் என் பிள்ளை உயிரோட இருக்கு" என்று அழுதாள். சபை அல்லேலூயா சொன்னது. நானும் சொன்னேன்! அடுத்த மாதம் திருவிருந்தில் அப்பத்தை எடுக்க என் கை நீளவில்லை.

சகோதரிகள் கூடுகையில் யாத்திராகமம் முதலாம் அதிகாரம் வந்தது. எபிரெய மருத்துவச்சிகள் பார்வோனிடம் உண்மையை மறைத்தார்களே, கர்த்தர் அவர்களுக்கு நன்மைதானே செய்தார், அப்படியானால் எல்லாப் பொய்யும் பாவமா என்று ஒரு தங்கச்சி கேட்டாள். என் மாம்சம் அதைக் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டது. நானும் என் வேலையை, மையத்தின் பெயரைக் காப்பாற்றத்தானே எழுதினேன் என்று. ராத்திரி முழங்காலில் நிற்கும்போது ஆவியானவர் உணர்த்தினார்: அவர்கள் வார்த்தை பிள்ளைக்கும் கொலைகாரனுக்கும் நடுவே நின்றது. என் எழுத்தோ பிள்ளைக்கும் வைத்தியனுக்கும் நடுவே நின்றது. அவர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். நான் அந்தப் பிள்ளையின் உயிரை வைத்தேன்.

நம்பிக்கையான ஒரு மூத்த சகோதரியிடம் சொன்னேன். "கர்த்தர் மன்னிச்சுட்டாரும்மா. இப்போ போய்ச் சொல்லி அவ மனசை ஏன் நோகடிக்கணும்?" என்றார்கள். அன்பாய்த்தான் சொன்னார்கள். ஆனாலும் எனக்குச் சமாதானம் வரவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் இரண்டு இருக்கும்போது ஒன்றிடம் கேட்டுவிட்டு இன்னொன்றை மூடிவைப்பது எப்படி? பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்னவர் நம் ஆண்டவர் அல்லவா?

இந்த வேலையில் வளர்ச்சி என்றால் பயிற்சி வகுப்பு, சான்றிதழ் என்றே பேசுகிறோம். அவையும் வேண்டும்; நானும் போயிருக்கிறேன். பிள்ளைகளுக்கு எடை ஏறாததைப் பார்க்கத் தெரிந்த எனக்கு, என் கோடு எத்தனை வருஷமாய்ப் படுத்துக்கிடந்தது என்று பார்க்கத் தெரியவில்லை. 2021 முதல் போஷன் டிராக்கர் என்று செல்போனில் ஏற்றுகிறோம். போன் வந்ததால் பொய் போய்விட்டது என்று எண்ணவேண்டாம், எண்ணை அடிக்கிறது நம் விரல்தான். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, விடுமுறை வேதாகமப் பள்ளி அறிக்கையில் 90 பேரை 150 என்று எழுதுகிறவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். வராத 60 பிள்ளைகளை யார் போய்த் தேடுவார்கள்?

அந்தத் தாயின் வீட்டுக்குப் போய், வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "அந்த ரெண்டு மாசமும் ராத்திரி வேர்த்துக் கொட்டுச்சுக்கா. அட்டையில எடை ஏறியிருக்கேன்னு நான் சும்மா இருந்துட்டேன்" என்றாள். காப்பி கொடுக்கவில்லை.

இரண்டு வாரம் சபையில் என் முகம் பார்க்கவில்லை. அடுத்த எடை நாளில் பிள்ளையோடு வந்தாள். தராசில் தூக்கி வைத்துவிட்டு, என்னை விலகச் சொல்லி, அவளே குனிந்து முள்ளைப் பார்த்தாள். "பதினொண்ணு நானூறு. எழுதுங்கக்கா" என்றாள். எழுதினேன். அதன்பிறகு எங்கள் மையத்தில் முள்ளைத் தாய்மார்தான் பார்த்துச் சொல்லுகிறார்கள்.