பிள்ளைக்கு வானத்தைக் காட்டுங்கள்



ஆண்டவர் ஆபிரகாமை இரவிலே வெளியே அழைத்துச் சென்று, விண்மீன்களை எண்ணும்படி பணித்தார் என்று ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிள்ளைப்பேறற்றிருந்த அந்த முதியவருக்கு, எண்ணி முடியாது என்பதே வாக்குறுதியாயிற்று. அதே கட்டளை இன்று கொட்டாஞ்சேனையில் தொடர்மாடி வீடொன்றிற் குடியிருப்பவருக்குக் கிடைத்தால், ஐந்து நிமிடத்தில் எண்ணி முடித்து, "ஆண்டவரே, இருபத்தேழு" என்று கணக்கு ஒப்புவித்துவிடுவார்!

நிலவில்லாத இரவில், இருண்ட நாட்டுப்புறத்தில், வெறுங்கண்ணுக்கு ஒரே நேரத்தில் 2,000க்கும் அதிகமான விண்மீன்கள் தெரியும். கொழும்பிலும் அவை தலைக்கு மேலேதான் நிற்கின்றன. மூடியில்லாத வீதி விளக்குகளும் விளம்பரப் பலகைகளும் மேல்நோக்கிச் சிந்தும் ஒளி, காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, வானத்துக்குத் திரை போட்டுவிடுகிறது. 2022 மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, மெழுகுதிரியும் எரிவாயுவும் தேடி அலைந்த நம்மில் எத்தனை பேர் அந்த வானம் திரும்பி வந்ததைக் கவனித்தோம்?

திருச்சபைக்கும் இத்தொல்லை உண்டு. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இல் புதுப்பித்து நிறுவிய வத்திக்கான் விண்ணாய்வு நிலையம், உரோமை நகரின் வெளிச்சத்துக்கு அஞ்சி 1930களில் காஸ்தல் கந்தோல்போவுக்குக் குடிபெயர்ந்தது. வெளிச்சம் அங்கும் துரத்திச் சென்றது. 1981இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆய்வுக் குழுவொன்றை அமைக்க வேண்டியதாயிற்று.

நமக்கு மொட்டைமாடி போதும். வீதி விளக்கு கண்ணிற் படாதபடி தண்ணீர்த் தாங்கியின் மறைவில் பிள்ளையோடு நின்று, கைத்தொலைபேசியைச் சட்டைப்பையிற் போட்டுவிட்டு, இருபது நிமிடம் பொறுத்திருங்கள். கண் இருளுக்குப் பழக அவ்வளவு நேரம் செல்லும். தை முதல் சித்திரை வரை முன்னிரவில் மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் தெரியும். அது யோபு ஆகமத்திலும் பேசப்படும் ஓரியனின் இடைக்கச்சை. அதன் ஒரு பக்கத்தே செந்நிறமாய்த் திருவாதிரை. கச்சையின் கோட்டைப் பிடித்துத் தெற்கே போனால், விண்மீன்களிலெல்லாம் அதிகம் ஒளிரும் சீரியஸ். அதன் ஒளி நம்மிடம் வந்துசேர எட்டரை ஆண்டுகளுக்குச் சற்று மேலாகிறது. ஏழு வயதுப் பிள்ளையிடம், "நீ பிறக்குமுன் புறப்பட்ட வெளிச்சம் இது" என்று சொல்லிப் பாருங்கள்.

அந்த நேரத்தில்தான் கடினமான கேள்வி வரும். "அம்மம்மாவும் இப்ப நட்சத்திரமா இருக்கிறாவோ?" ஆம் என்று சொல்லித் தேற்றும் பெற்றோர் பலர். எனக்கு இது சம்மதமில்லை. விண்மீன் என்பது கொதிக்கும் வாயுக்கோளம். அதுவும் ஒருநாள் அணையும். அம்மம்மாவை அதனிலும் தாழ்த்தி ஏன் பேசவேண்டும்? அவவின் உடல் மாதம்பிட்டிச் சேமக்காலையில் உயிர்த்தெழுதலுக்காகக் காத்திருக்கிறது, உன் தலையைத் தடவிய அந்தக் கையும் எழும்பும், இத்தனை விண்மீன்களையும் பெயர்சொல்லி அழைக்கிறவர் அவவின் பெயரையும் அறிவார் என்று உள்ளபடியே சொல்லுங்கள். பிள்ளை அழக்கூடும். அழட்டும், நீங்கள் பக்கத்தில்தானே நிற்கிறீர்கள். அன்றைய செபமாலையில் ஒரு பத்து மணியை அவவுக்காக அங்கேயே, அந்த இருட்டிலேயே, சேர்ந்து சொல்லுங்கள்.